துவக்கைக் கீழே வைத்தவர்: பீற்றர் ஸ்கொட்டும் பனிக்காலத் தாராக்களும்

தை மாத நடுவில் ஒருநாள் காலை, மன்னார் வங்காலைச் சரணாலயத்தின் ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நானும் மாமாவும் நின்றோம். தண்ணீரில் ஊசிவால் தாராக்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் பேச்சில் தாரா வேறு, அதைவிடப் பெரிய வாத்து வேறு. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். வீதியால் போன டிப்பர் ஒன்று ஹோர்ன் அடித்ததும் கூட்டம் முழுவதும் எழும்பி, இரண்டு வட்டம் அடித்து, தூரத்தில் போய் இறங்கியது. இனிக் கொஞ்ச நேரத்துக்கு இதுகள் வாயில் ஒன்றும் வைக்காது என்றார் மாமா.

மாமா ஒரு காலத்தில் வன்னிக் குளங்களில் இடியன் துவக்கால் தாரா சுட்டவர். வீட்டில் கறிக்கு வேறொன்றும் இல்லாத நாட்கள் அவை, நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பறவையின் பசியை அவர் அறிந்தது துவக்கின் பின்னால் படுத்திருந்துதான். நான் பல மாதங்களாக வாசித்துக்கொண்டிருந்த பீற்றர் ஸ்கொட்டும் அப்படித்தான் அறிந்தார்.

ஸ்கொட் 1909 செப்ரெம்பரில் லண்டனில் பிறந்தார். தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் 1912இல் பனியில் இறந்த கப்டன் ரொபேர்ட் ஸ்கொட்டின் ஒரே மகன். இறக்கும் தறுவாயில் தந்தை மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பையனுக்கு இயற்கையில் ஆர்வம் உண்டாக்கும்படி கேட்டிருந்தார். தாய், சிற்பக் கலைஞரான கத்லீன், அதைச் செய்தார். மகனின் ஆர்வம் முதலில் போய் நின்ற இடம்தான் யாரும் எதிர்பாராதது. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் அவர் விரிவுரைகளை விட்டுவிட்டு, கிழக்கு இங்கிலாந்தின் வோஷ் குடாவின் சேற்றுக் கரைகளில் வாத்தும் தாராவும் சுட்டுக்கொண்டு திரிந்தார்.

சும்மா சுடவில்லை. தட்டையான சிறு வள்ளத்தின் முனையில் பீரங்கி மாதிரி ஒரு பெரிய துவக்கைப் பொருத்தி, வள்ளத்துக்குள் குப்புறப் படுத்தபடி துடுப்பால் மெல்ல மெல்லக் கூட்டத்துக்குக் கிட்டப் போய், ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்தும் வேட்டை அது. சுட்ட கையாலேயே அவற்றை வரையவும் செய்தார். 1933இல் இருந்து நேனே ஆற்றின் வாயிலில் ஒரு பழைய வெளிச்சவீட்டில் தங்கி, விடியற்காலையில் பறக்கும் வாத்துக் கூட்டங்களை ஓவியமாக்கினார். அந்த ஓவியங்கள்தான் அவரைப் பிரபலமாக்கின. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலப் பதக்கமும் எடுத்தார். அது வேறு கதை.

பனிக்காலம் ஒரு தாராவுக்கு என்ன செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். உறைபனியை நாங்கள் கண்டதில்லை. வடக்கே குளம் உறைந்தால் அடியில் இருக்கும் விதையும் பூண்டும் பூட்டிய பெட்டிக்குள் போன மாதிரி. தாராக்கள் உறையாத தண்ணீரைத் தேடிக் கரையோரத்துக்கும் ஆற்றுவாய்க்கும் வந்து நெருக்கமாகக் கூடும். குளிர் இன்னும் கூடினால் கரையோரச் சேறும் இறுகிவிடும். பகல் எட்டு மணித்தியாலம்தான். உடம்புச் சூட்டைக் காக்க வழமையைவிடக் கூடத் தீனி வேண்டிய நேரத்தில் தீனி குறைகிறது. பெரிய வாத்து கொழுப்பை வைத்துக் கொஞ்ச நாள் சமாளிக்கும். மூன்று நூறு கிராம் சொச்சம் நிறையுள்ள சின்னத் தாரா அதற்கு முன்பே விழுந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஆள் வருகிறான். துவக்கோடு வரவேண்டும் என்றுகூட இல்லை. நாயோடு நடப்பவனாக இருக்கலாம், படகோட்டியாக இருக்கலாம். கூட்டம் எழும்புகிறது. பறப்பதற்குச் செலவாகும் சக்தி இருந்து ஓய்வெடுப்பதைப் போலப் பல மடங்கு. போதாததற்கு மேயும் நேரமும் போய்விடுகிறது. ஒருநாளில் பலமுறை எழுப்பப்படும் தாராவுக்கு ஒரு சன்னமும் படாமலே உயிர் போகலாம். வேட்டை நடக்கும் இடங்களில் தாராக்கள் பகலில் கடலில் ஒதுங்கி இருந்துவிட்டு இரவில் மட்டும் மேய வரும். பிற்காலத்தில் டென்மார்க்கில் வேட்டை இல்லாத ஒதுக்கிடங்களை அமைத்துச் செய்த ஆய்வுகளில், அங்கே பறவைகள் பெருகி, நீண்ட நாள் தங்கியது தெரிந்தது. கூடுதலாகக் கலைத்தது வள்ளத்தில் அசைந்து திரியும் வேட்டை. ஸ்கொட் இளமையில் செய்த அதே வகை.

பிறகு உலகப்போர். ஸ்கொட் கடற்படையில் சேர்ந்தார். 1940இல் பிரான்ஸ் கரையில் சிக்கியவர்களைக் கப்பலில் ஏற்றியவர்களில் ஒருவர். பின்னர் வேகத் தாக்குதல் படகுகளுக்குத் தலைமை தாங்கினார், வீரப் பதக்கங்கள் பெற்றார். தன் கப்பலுக்கு வெளிர் நிறங்களில் அவர் பூசிய உருமறைப்பைக் கடற்படை மற்றக் கப்பல்களுக்கும் எடுத்துக்கொண்டது. காலைப் பனிமூட்டத்தில் பறவை எப்படி மறைகிறது என்று ஓவியனாகப் பார்த்த கண் அங்கேயும் வேலை செய்தது. ஆனால் ஆளைக் கொல்லும் வேலைக்குத்தான் அது உதவியது என்பதையும் மறக்க முடியவில்லை.

போர் முடிந்த 1945 டிசெம்பரில் அவர் மேற்கு இங்கிலாந்தில் செவேர்ன் ஆற்றங்கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போனார். பனிக்காலத்தில் அங்கே வரும் வெண்நெற்றி வாத்துக்களுக்குள் ஓர் அரிய இனம் கலந்திருக்கிறதா என்று பார்க்க. பறவையைக் கலைக்காமல் இருந்து பார்க்க அவருக்குக் கிடைத்த இடம், ஜெர்மன் படை இறங்கினால் சுடுவதற்கென்று கட்டி வைத்திருந்த ஒரு கொங்கிறீட் பங்கர். துவக்கு நீட்டும் துவாரத்தால் தொலைநோக்கியை நீட்டிப் பார்த்தார். தேடிய வாத்து இருந்தது. இந்த இடத்திலேயே ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்ற முடிவு அந்தப் பங்கரில் இருந்துதான் வந்தது. பங்கர் என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை வாசித்த இரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1946 நவம்பரில் நிலையம் தொடங்கியது. உடனே துவக்கை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவரை மாற்றியது வேட்டையில் கண்ட ஒரு வாத்து. சூடு பட்டு இரண்டு காலும் முறிந்து, ஆள் கால் வைக்க முடியாத இளஞ்சேற்றில் போய் விழுந்தது. கொன்று வேதனையை முடிக்கவும் வழியில்லை. அடுத்த நாள் பார்த்தபோதும் அது அங்கேயே உயிரோடு இருந்தது. அது அவர் மனதில் நெடுநாள் கிடந்து அரித்தது. ஒரேநாளில் திருந்திய கதையாக அவரும் அதைச் சொன்னதில்லை. கடைசியில் வேட்டையை அடியோடு விட்டார்.

விட்டவர் வேட்டைக்காரரைத் திட்டவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். அவர்களையும் பக்கத்தில் இருத்தி, எங்கே சுடலாம், எங்கே கூடாது என்று ஒதுக்கிடங்கள் பிரிக்கும் பேச்சில் அவரது நிலையம் இறங்கியது. தாராவைக் கொல்லப் பிடிப்பதற்காக முன்னோர் கட்டிய பொறிக்குளத்தில் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். 1962 கடைசியில் தொடங்கி அடுத்த மாசி முடியும்வரை பிரித்தானியா உறைந்து கிடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் பறவையைச் சுடுவது சரியா என்ற கேள்வி அங்கே பெரிதானது. இன்று அங்கே கடும் உறைபனி ஏறத்தாழ இரண்டு கிழமை நீடித்தால் தாரா, வாத்து வேட்டையை அரசு ஆணை போட்டு நிறுத்துகிறது.

ஹவாயின் நேனே வாத்து முப்பதளவுக்குக் குறைந்துபோனபோது, 1950இல் ஸ்லிம்பிரிட்ஜுக்கு ஒரு சோடியை வரவழைத்தார். இரண்டும் முட்டையிட்ட பிறகுதான் இரண்டும் பேடு என்று தெரிந்தது! பிறகு ஒரு சேவலை விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் சந்ததி பெருகி ஹவாய்க்குத் திரும்பிப் போனது. உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும், அதன் பண்டாச் சின்னத்தை வரைந்தவரும் அவர்தான். மகள் ஒருத்திக்கு ஊசிவால் தாராவின் பழைய விஞ்ஞானப் பெயரையே வைத்தார்.

1964இல் இருந்து, ஆர்க்டிக் ரஷ்யாவில் இருந்து வரும் பெவிக் அன்னங்களின் அலகில் உள்ள மஞ்சள் கறுப்புக் கோலத்தை வைத்து ஒவ்வொன்றையும் ஆளாக அடையாளம் கண்டு, பெயர் வைத்துப் பதிந்தார். வழியில் உள்ள நாடுகள் எல்லாவற்றிலும் சட்டம் காக்கும் பறவை அது. ஆனாலும் ஸ்லிம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பிடித்து எக்ஸ்ரே எடுத்த பெவிக் அன்னங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடம்பில் ஈயச் சன்னம் இருந்தது. சுடப்பட்டு, சாகாமல், சன்னத்தோடு பறந்து வந்தவை.

ஸ்கொட் 1989 ஓகஸ்ட் 29இல் இறந்தார். எண்பது வயதுக்கு இரண்டு கிழமை இருந்தது. நீர்நிலைகளைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கை 1971இல் உருவாவதற்கு ஸ்லிம்பிரிட்ஜில் அவருடன் வேலை செய்தவர்கள் பெரும் பங்காற்றினர். அதன் கீழ் வங்காலை 2010இல் சேர்க்கப்பட்டது. போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அன்னங்களின் எக்ஸ்ரே கதையை அன்று வீதியோரத்தில் வைத்தே மாமாவுக்குச் சொன்னேன். 2009இல் பட்ட ஷெல் துண்டொன்று அவரது இடது தோளில் இன்னமும் இருக்கிறது. எடுத்தால் கை வழங்காமல் போகலாம் என்று வைத்தியர் விட்டுவிட்டார். மாரிகாலத்தில் உளையும். அந்தச் சன்னங்களை வெளியே எடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, படம் எடுத்து, நிறுத்து, வளையம் மாட்டித் திரும்பப் பறக்க விட்டார்கள் என்றேன். அதோடு அவ்வளவு தூரம் பறக்குமா என்று கேட்டார். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் என்றேன்.

ஊசிவால் தாராக்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மேயத் தொடங்கியிருந்தன. மோட்டார் சைக்கிளை இப்போது ஸ்ரார்ட் பண்ணவேண்டாம், கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு போவோம் என்றார் மாமா.