சணலில் தைத்த பரசூட்: கண்டிக்கு வந்த ஜெனரல் ஸ்லிம்

பரசூட் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பரா லைட்தான். இரவில் வானத்தில் தொங்கி நின்று, ஊரையே பகலாக்கி, எறிகணை எங்கே விழப்போகிறது என்று சொல்லாமல் சொன்ன வெளிச்சம். இன்னும் கொஞ்சம் வயதானவர்களுக்கு 1987 ஜூன் 4 நினைவிருக்கும். இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதிகளைப் பரசூட்டில் இறக்கின. அதற்கு முதல் நாள் படகுகளில் வந்த உணவை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. இறங்கியது சுமார் 25 தொன். குடாநாட்டின் பசிக்கு அது ஒரு கைப்பிடி. ஆனாலும் வானத்திலிருந்து குண்டைத் தவிர வேறொன்றும் விழலாம் என்பதைச் சனம் அன்றைக்குக் கண்டது.

முற்றுகைக்குள் இருப்பவர்களுக்கு வானத்திலிருந்து சோறு போடுவதைப் பெரும் அளவில் நடைமுறையாக்கிய தளபதிகளில் ஒருவர் 1945 ஓகஸ்டில் கண்டிக்கு வந்தார். பெயர் வில்லியம் ஜோசப் ஸ்லிம். பிரித்தானியாவின் பதினான்காவது இராணுவத்தைப் பர்மாவில் நடத்தியவர்.

அவர் ஏன் கண்டிக்கு வரவேண்டும்? பேராதனைப் பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போனவர்கள் அங்கே ஓர்கிட் வீட்டையும் பனை வரிசையையும் மகாவலித் தொங்குபாலத்தையும் பார்த்திருப்பார்கள். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகத்தை டெல்லியிலிருந்து அந்தப் பூங்காவுக்குள்தான் கொண்டுவந்தார். மரங்களுக்கு நடுவே கொட்டகைகள் எழுந்தன. மவுண்ட்பேட்டன் குடியிருந்தது கண்டி நகரத்து அரச மாளிகையில். வாவிக்கரையிலிருக்கும் சுவிஸ் ஹோட்டலையும் படையினர் எடுத்துக்கொண்டார்கள். பர்மா, மலாயா, சுமாத்திரா எல்லாவற்றுக்குமான போர் வரைபடங்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் பேராதனையில் விரிக்கப்பட்டிருந்தன. மலாயாக் காடுகளுக்குள் ஆட்களைப் பரசூட்டில் இறக்கிய ஃபோர்ஸ் 136 என்ற இரகசிய அமைப்பும் கண்டியிலிருந்து இயங்கியது. அந்தக் காலத்தின் எச்சமாக இன்றும் இருப்பது நகருக்குத் தென்மேற்கே இருக்கும் சிறிய போர் மயானம். சுமார் 200 கல்லறைகள். பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் அங்கே கிடக்கிறார்கள்.

ஸ்லிம் பிரபு வீட்டுப் பிள்ளையல்ல. 1891 ஓகஸ்ட் 6 இல் பிரிஸ்டலில் பிறந்தார். தகப்பன் இரும்புச் சாமான் வியாபாரி, வியாபாரம் நொடித்தவர். பேர்மிங்ஹாமில் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலையில் ஆசிரியராகவும், பிறகு ஒரு உலோகக் குழாய்க் கம்பனியில் எழுதுவினைஞராகவும் வேலை பார்த்தார். 1914 யுத்தம் வந்திராவிட்டால் அப்படியே இருந்திருப்பார். கலிப்பொலியில் பலத்த காயம். மெசொப்பொத்தேமியாவில் இன்னொரு காயம், கூடவே இராணுவச் சிலுவை. சம்பளத்தில் மட்டும் வாழவேண்டிய அதிகாரிக்குப் பிரித்தானிய இராணுவத்தைவிட இந்திய இராணுவம் கட்டுப்படியாகும் என்பதால் கூர்க்கா படைப்பிரிவில் சேர்ந்தார். அப்படியும் பணம் போதாமல் புனைபெயரில் பத்திரிகைக் கதைகள் எழுதினார். கூர்க்காலியும் உருதுவும் பேசினார். பிறகு சிப்பாய்கள் அவரை மாமா பில் என்று கூப்பிட்டதற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1942 மார்ச்சில் பர்மாவுக்குப் போனபோது தோல்வி ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சுமார் 900 மைல் பின்வாங்கல். அதே பாதைகளில் ரங்கூனிலிருந்தும் மற்றப் பட்டினங்களிலிருந்தும் ஓடிவந்த இந்தியர்கள், அவர்களுக்குள் தமிழர்கள், பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு மணிப்பூர் மலைகளை நோக்கி நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழிநெடுகச் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. இராணுவம் பின்வாங்கும் வழியில் சனமும் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பர்மா விழுந்ததால் இலங்கையின் அரிசியும் நின்றது. கண்டிக் கடைகளில் பங்கீட்டு வரிசை நீண்டது, கோதுமை மா வீட்டுக்குள் வந்தது. எங்கள் பாண் பழக்கத்துக்கு அந்த ஆண்டுகள் ஒரு முக்கிய காரணம்.

தோற்றுவந்த ஸ்லிம் உட்கார்ந்து யோசித்தது வீரத்தைப் பற்றியல்ல, அன்றாட வேலைகளைப் பற்றி. 1943 இல் காயப்பட்டு வெளியேறிய ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேறிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் கணக்கிட்டார். முக்கியமாக மலேரியா. மெப்பகிரின் குளிசையை ஒவ்வொரு சிப்பாயும் விழுங்குகிறானா என்று திடீர் பரிசோதனை நடத்தினார். விழுங்காத படையணிகளின் கட்டளை அதிகாரிகளைப் பதவிநீக்கினார். மூன்று பேர் போனதும் மற்றவர்களுக்குப் புரிந்தது. காயக்காரரைச் சிறு விமானங்களில் ஏற்றி அனுப்பவும் வழி செய்தார்.

அடுத்த கேள்வி சாப்பாடு. யப்பானியர் எப்போதும் காட்டுக்குள்ளால் சுற்றிவந்து பின்பாதையை வெட்டுவார்கள். பாதை வெட்டுப்பட்டால் படை ஓடும். ஓடாமல் நிற்கவேண்டுமென்றால் மேலேயிருந்து உணவு வரவேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் பரசூட் வேண்டும். பட்டுப் பரசூட்டோ கிடைக்கவில்லை. ஐரோப்பியக் களத்துக்குத்தான் முன்னுரிமை, பர்மா கடைசி வரிசை.

இந்த இடத்தில்தான் ஸ்லிம்மும் அவருடைய வழங்கல் அதிகாரி ஸ்னெல்லிங்கும் வங்காளத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளை நினைத்தார்கள். சணல். அரிசி மூட்டைக்குச் சாக்கு நெய்கிற அதே நார். ஸ்லிம் கல்கத்தாவுக்குப் போய் சணல் ஆலைக்காரரைச் சந்தித்தார். ஒப்பந்தம், விலை என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, காசு எப்போது வரும் என்றும் தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் சம்மதித்தார்கள். நெசவையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பரீட்சித்து ஒன்றைத் தேற்றினார்கள். துணி மட்டுமல்ல, கயிறும் சணல். வழக்கமான பரசூட்டின் உச்சியில் ஒரு துளை இருக்கும், உள்ளே அடைபடும் காற்று அதனால் வெளியேறி ஊசலாட்டத்தைக் குறைக்கும். சணல் பரசூட்டுக்கு அந்தத் துளை தேவைப்படவில்லை. நெசவின் இடைவெளியே காற்றை விட்டது. பட்டுப் பரசூட்டில் 85 வீதம் திறன். பட்டுக்கு 20 பவுண், இதற்கு ஒரு பவுணுக்குச் சற்று மேலே. மேலிடத்திலிருந்து ஸ்லிம்முக்குப் பாராட்டு வரவில்லை, முறையான வழியில் கொள்வனவு செய்யவில்லை என்று கண்டனம்தான் வந்தது. அலுவலகங்கள் எந்த நாட்டிலும் ஒரே சாதி.

அந்த 85 வீதத்தை ஸ்லிம் எப்படிப் பாவித்தார் என்பதில்தான் அவரைப் பற்றிய என் மதிப்பு நிற்கிறது. அரிசி மூட்டை நூறில் சில கீழே விழுந்து சிதறினால் நட்டம், அவ்வளவுதான். மனிதன் விழுந்தால் அப்படிச் சொல்லமுடியாது. ஆகவே சணல் பரசூட்டில் ஆளை இறக்குவதில்லை, பெறுமதியான, உடையக்கூடிய பொருளையும் இறக்குவதில்லை என்று கோடு போட்டார்கள். இருக்கிற நல்ல பரசூட் அவற்றுக்கு. அந்தக் காலத்துப் பிரித்தானியப் பரசூட் வீரருக்கு இரண்டாவது பரசூட்டும் கிடையாது. இன்று பொழுதுபோக்குக்காகக் குதிக்கிறவர்கள் முதுகில் இரண்டு கொண்டுபோகிறார்கள். குதித்தவர் மயங்கிப்போனாலும், குறித்த உயரத்தில் மேலதிகப் பரசூட்டைத் தானாகத் திறக்கிற கருவி ஒன்றும் அதோடு இருக்கும். அன்றைக்கு விமானத்தில் கொளுவிய கயிறு இழுத்துத் திறக்கும் அந்த ஒன்றுதான். அதை மடித்துக் கட்டியவரின் கையில்தான் உயிர்.

இந்திய இராணுவத்தில் முதன்முதல் குதித்த இந்தியர்களில் ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த தமிழர், மருத்துவர் ரங்கராஜ். 1941 இல் அவர் குதித்த காலத்தில் இந்தியாவில் பயிற்சிக்கே பரசூட் பற்றாக்குறை. பிறகு கொரியப் போரிலும் காயக்காரருக்கு வைத்தியம் பார்க்கக் குதித்தார். அவருக்குத் தனிக் கட்டுரை எழுதவேண்டும்.

பொதி இறக்குவதும் ஒரு தொழில். அரிசியையும் குதிரைத் தீனியையும் இரண்டு மூன்று சாக்குக்குள் தளர்வாகக் கட்டி, பரசூட் இல்லாமலே தாழப் பறந்து தள்ளிவிடலாம். வெளிச்சாக்குக் கிழிந்தாலும் உள்சாக்கு தாங்கும். வெடிமருந்து, எரிபொருள், மருந்து போன்றவற்றுக்குப் பரசூட் வேண்டும். டக்கோட்டா விமானத்தின் வாசலில் நின்று பொதிகளைக் காலால் உதைத்துத் தள்ளுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். விமானம் வட்டமடித்து வட்டமடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டும். ஒரு சுற்றில் தாமதித்துத் தள்ளினால் பொதி எதிரியின் பக்கம் போய்விடும். 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக்கில் சுற்றிவளைக்கப்பட்ட இந்தியப் பரசூட் படைப்பிரிவுக்கு அதுதான் நடந்தது. சின்னஞ்சிறு மலையுச்சி, போட்ட பொதிகளில் பெரும்பகுதி யப்பானியர் கைக்குப் போனது. பரசூட் இல்லாத மூட்டை தலையில் விழுந்தால் கீழே நிற்பவர் தப்பமாட்டார். ஆகவே இறக்குமிடத்தை அடையாளப்படுத்துவதும், பொதி நிற்கும்வரை யாரையும் உள்ளே விடாமல் வைத்திருப்பதும் தரையில் இருப்பவர்களின் வேலை. பசித்த சனத்தை அப்படி நிறுத்தி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வன்னியில் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

1944 பெப்ரவரியில் அரக்கானில் சுற்றிவளைக்கப்பட்ட படை இந்த முறை ஓடவில்லை. பிறகு இம்பாலும் மூன்று மாத அளவில் பாதை அறுந்து நின்று, ஜூன் 22 இல் திறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ரங்கூன் வீழ்ந்தது.

இதில் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. கல்கத்தாவில் சணல் பரசூட் தைத்துக்கொண்டிருந்த காலம் வங்காளப் பஞ்சத்தின் காலம். அந்தப் பஞ்சத்தில் முப்பது இலட்சம் பேர்வரை இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சிப்பாய்க்கு வானத்திலிருந்து அரிசி இறக்கத் தெரிந்த பேரரசு, தன் கிராமங்களுக்குத் தெருவால்கூட அரிசி அனுப்பவில்லை. பஞ்சத்துக்கு ஸ்லிம் பொறுப்பாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

வென்ற கையோடு அவருக்குக் கிடைத்த பரிசு பதவி பறிப்பு. மேலதிகாரி லீஸ் 1945 மே மாதம் அவரைப் பதினான்காவது இராணுவத்திலிருந்து நகர்த்தப் பார்த்தார். ஸ்லிம் சத்தம் போடாமல் ஓய்வு பெறத் தயாரானார். சிப்பாய்கள் மத்தியில் கொதிப்பு. கடைசியில் வீட்டுக்குப் போனவர் லீஸ்தான், அவருடைய நாற்காலி ஸ்லிம்முக்கு வந்தது. அப்படித்தான் ஓகஸ்ட் நடுப்பகுதியில், யப்பான் சரணடைந்த அதே நாட்களில், கண்டி.

வந்தவுடன் ஒரு சிக்கல். ரோக்கியோவில் சரணாகதி கையெழுத்தாகும் வரை எவரும் யப்பானியர் பிடித்த இடங்களில் தரையிறங்கக்கூடாது என்று மக் ஆர்தர் உத்தரவிட்டிருந்தார். முகாம்களில் போர்க்கைதிகள் நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் காத்திருந்தன, பரசூட்கள் காத்திருக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியில் முதலில் துண்டுப்பிரசுரங்கள், பிறகு உணவும் மருந்தும், அவற்றோடு மருத்துவக் குழுக்களும் முகாம்களுக்கு மேலே இறக்கப்பட்டன. மின்னேரியாவிலிருந்து மலாயாவுக்கு இரகசியப் பொதிகளைக் கொண்டுபோய்ப் பழகிய விமானப்படையினர் இலங்கையில் ஏற்கெனவே இருந்தார்கள். போர் நடத்தக் கற்றுக்கொண்ட கைத்தொழில் ஆட்களைக் காப்பாற்றப் பயன்பட்டது.

யாரைக் காப்பாற்ற? அந்தத் திட்டத்தின் பெயரிலேயே போர்க்கைதிகளும் தடுத்துவைக்கப்பட்டோரும்தான் இருந்தார்கள். மலாயா றப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இரண்டிலும் சேரவில்லை. அவர்கள் கூலிகள். பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள், பெயர்ப்பட்டியல்கூட இல்லை. கண்டியைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் அதே மாதிரியான குடும்பங்கள் அதே நாட்களில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தன.

செப்ரெம்பர் 12 இல் சிங்கப்பூரில் யப்பானியர் சரணடைந்தபோது மவுண்ட்பேட்டனோடு ஸ்லிம்மும் இருந்தார். சில மாதங்களில் பேராதனைத் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. பூங்கா மீண்டும் பூங்காவானது. ஸ்லிம் 1948 இல் பிரித்தானிய இராணுவத்தின் உச்சப் பதவிக்கும், 1953 இல் அவுஸ்திரேலிய ஆளுநர் நாயகம் பதவிக்கும் போனார். 1956 இல் வெளியான அவருடைய பர்மா நூல், சொந்தத் தவறுகளை மறைக்காத தளபதி நூல்களில் ஒன்று. 1970 டிசம்பர் 14 இல் லண்டனில் காலமானார்.

அதற்குப் பிறகும் வரலாறு முடியவில்லை. அவுஸ்திரேலியாவில் பதவி வகித்த காலத்தில், பிரித்தானியாவிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பண்ணைப் பள்ளிக்குப் போனபோது சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்று அங்கே வளர்ந்த சிலர் முதுமையில் சாட்சி சொன்னார்கள். குடும்பத்தினர் மறுத்தார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பாகாத விடயம், ஆள் இறந்து பல பத்தாண்டுகள். ஆனால் சாட்சி சொன்னவர்களைக் கன்பரா நிர்வாகம் புறந்தள்ளவில்லை. ஸ்லிம் பெயரிலிருந்த வீதியின் பெயரை மாற்றிவிட்டது.