கனவில் எழுந்த கல்விக்கூடம்

அறிவியல் புனைகதைக்கு உயிரளிப்பது எது? அதில் உலவும் மாந்தரா, அதில் கூறப்பெறும் அறிவியலின் பிழையின்மையா? இவ்வினாவிற்கு விடை காண ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ் ஆகியோரை மட்டுமே நாட வேண்டுவதில்லை. பேகம் ரொக்கையா சகாவத் உசேன் அம்மையாரின் வாழ்வும் எழுத்தும் நமக்கு விடை தருகின்றன.

1880ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியிலுள்ள பாய்ராபந்து என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். பெண்மக்கள் வங்கமொழியும் ஆங்கிலமும் பயில்வதை அக்குடும்பம் விரும்பவில்லை. தமக்கை கரீமுன்னிசா வங்கமொழியைக் கற்பித்தார். தமையனார் இப்ராகிம் சாபிர், வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ப் பகல்பூரில் அரசு அலுவலராக இருந்த சகாவத் உசேனை மணந்தார். கணவரும் அவர்தம் கல்விக்குத் துணைநின்றார்.

கணவர் அலுவலின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தபோது அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய கதையே 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அதனை வெளியிட்டது, கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழாகும். தமிழகத்தார் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

பெண்கள் ஆளும் அக்கனவு நாட்டில் ஞாயிற்றின் வெப்பத்தால் உணவு சமைக்கின்றனர். வானத்து நீரைப் பலூனொன்று குழாய்வழி இறக்குகிறது. ஐதரசன் உருண்டைகள் பூட்டிய பலகை மக்களைச் சுமந்து பறக்கிறது. இவற்றுள் கதிரவ வெப்பத்தின் பயன் அறிவியலுக்கு ஒத்ததே. 1870களிலேயே வில்லியம் ஆடம்சு பம்பாயில் கண்ணாடிகளால் கதிரொளியைக் குவித்துச் சோதனைகள் செய்திருந்தார். ஐதரசன் ஊர்தியோ கணக்கிற்கு ஒவ்வாதது. ஒரு கன மீட்டர் ஐதரசன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையையே தூக்கும். இருவரைத் தூக்க நூறு கன மீட்டருக்கு மேல் வேண்டும். கையடக்க உருண்டைகளால் அது இயலாது.

எனினும் கதை வீழவில்லை. காரணம், சுல்தானா என்னும் பாத்திரமே. முகத்திரையின்றிப் பட்டப்பகலில் தெருவில் நடக்க நேர்ந்த அவளது கூச்சமும், நடுக்கமும், அடுக்கடுக்கான வினாக்களும் முற்றும் உண்மையானவை. அவள் வியக்கும்போது நாமும் வியக்கிறோம். அதனால் கணக்குப் பிழையொன்றைப் படிப்போர் பொறுத்துக்கொள்கின்றனர். மனித இயல்பில் நேரும் பிழையை எவரும் பொறார். ஆயினும் பாத்திரம் ஒன்றே போதும் என்பதற்கில்லை. அங்குள்ள புதுமைகள் அலாவுதீன் விளக்கிலிருந்து தோன்றவில்லை. பெண்கள் பயிலும் பல்கலைக்கழகங்களில் தோன்றுகின்றன. அதுவே அக்கதையின் அறிவியல் நேர்மை எனலாம்.

மழை மறைவில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கினர் இதனை எளிதில் உணர்வர். மேற்கே ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த வழியே 1895இல் கிழக்கே வந்தது. ஒரு தலைமுறைக்குக் கனவாயிருந்தது மறு தலைமுறைக்கு வாய்க்கால் நீராயிற்று. இடையே நின்றது கல்வியும் உழைப்புமே.

அம்மையாரும் கனவோடு நின்றாரல்லர். 1909இல் கணவர் மறைந்தபின் அவர் பெயரால் பகல்பூரில் பெண்கள் பள்ளி தொடங்கினார். அங்கு அது நிலைக்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். வீடுவீடாகச் சென்று பெற்றோரை வேண்டினார். திரையிட்ட வண்டியில் சிறுமியரைப் பள்ளிக்கு வரவழைத்தார். ஏச்சும் ஏளனமும் அவரைத் தடுக்கவில்லை. 1916இல் முசுலிம் மகளிர்க்கெனச் சங்கமும் அமைத்தார். 1932 திசம்பர் 9 அன்று மறையும்வரை எழுத்தையும் பள்ளியையும் விட்டாரல்லர். அப்பள்ளி இன்றும் கொல்கத்தாவில் நடைபெறுகிறது.

கதை எழுத விழையும் மாணவமணிகள் அறிவியல் துறையினரிடம் கணக்கைக் கேட்டறிக. தம் வீட்டு மகளிரிடம் மனத்தைக் கேட்டறிக. பெண்மக்களின் படிப்பைப் பள்ளியோடு நிறுத்த எண்ணும் பெற்றோரும், விளக்கொளியில் தங்கைக்குப் பாடம் சொன்ன அத்தமையனை நினைந்து பார்ப்பாராக.