ஆலையூரில் எழுந்த கல்விக்கூடம்: இராபர்ட் ஓவன்

மனிதனின் குணத்தையும் அறிவையும் பிறப்பே முடிவு செய்கிறது என்னும் பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு நொந்தவர்கள் நாம். அச்சொல்லைப் பொய்யாக்கப் பிறிதொரு நாட்டில் முயன்ற பெருமகனார் ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இராபர்ட் ஓவன், வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் 1771 மே 14இல், குதிரைச் சேணம் செய்யும் எளியவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவில் அவர் பள்ளிப்படிப்பு முடிந்தது. துணிக்கடைகளில் பணிபுரிந்து, மான்செஸ்டரில் நூற்பாலை மேலாளராக உயர்ந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில், அருவி நீரின் விசையால் பஞ்சாலைகளை இயக்குவதற்கென்றே டேவிட் டேல் என்பார் 1786இல் தோற்றுவித்த ஊர் நியூ லானார்க். டேலின் மகள் கரோலினை 1799இல் மணந்த ஓவன், 1800 ஜனவரி முதல் நாளன்று ஆலைப் பொறுப்பை ஏற்றார். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 2000 பேருள் 500 பேர், நகரங்களின் அநாதை விடுதிகளிலிருந்து வேலைக்குக் கொணரப்பட்ட சிறுவர் சிறுமியர்.

குடியும் களவும் மலிந்த ஊரென்று அம்மக்கள் இகழப்பட்டனர். ஓவனோ குறையை அவர்கள் வாழ்ந்த சூழலில் கண்டார். விடுதிப் பிள்ளைகளைக் கொணர்வதை நிறுத்தினார். பத்து வயது நிரம்பாதவரை ஆலையில் சேர்க்க மறுத்தார். நல்ல பண்டங்களை மலிவாக விற்கக் கடை அமைத்து, அதன் ஆதாயத்தைக் கல்விக்கு ஆக்கினார். அமெரிக்கப் பருத்தி வரத்துத் தடைப்பட்டு நான்கு திங்கள் ஆலை நின்றபோதும் முழு ஊதியம் வழங்கினார். தொழிலாளர் அவரை நம்பத் தொடங்கியது அதன் பின்னரே.

கல்விச் செலவை வெறுத்த பங்காளிகளிடமிருந்து விலகி, 1813இல் புதிய பங்காளிகளுடன் ஆலையை வாங்கினார். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இலாபம் வேண்டாமென அவர்கள் இசைந்தனர். 1816 ஜனவரி முதல் நாள் அவரது கல்விக்கூடம் திறக்கப்பட்டது. நடை பழகிய குழந்தைகள் முதலே அங்கு இடம் பெற்றனர். அடியும் வசையும் விலக்கப்பட்டன. பாட்டும் ஆடலும் நிலப்படமும் பாடமாயின. மாலையில் ஆலை மக்கள் பயின்றனர்.

சிறார் உழைப்பைக் கட்டுப்படுத்த அவர் போராடியதன் பயனாக 1819இல் சட்டம் பிறந்தது. எனினும் பஞ்சாலைகளுக்கு மட்டுமே பொருந்திய அது, அவர் கேட்டதிலும் மிகக் குறுகியது. அமெரிக்காவில் 1825இல் அவர் தொடங்கிய நியூ ஹார்மனி என்னும் கூட்டு வாழ்வூர் ஈராண்டளவில் சிதைந்தது. 1858 நவம்பர் 17இல், பிறந்த ஊரிலேயே கண் மூடினார்.

குறைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. அவ்வாலைகள் நூற்ற பருத்தியில் அமெரிக்க அடிமைகளின் வியர்வை கலந்திருந்தது. ஊரின் ஆட்சியும் உழைத்தவர் கைக்கு வரவில்லை. யாவும் உரிமையாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்தே நின்றன.

ஆலைகள் 1968இல் மூடப்பட்டன. 2001இல் நியூ லானார்க் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஏழையர் பிள்ளைகளுக்கு வாய்ப்பளித்தால் அவர்கள் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதை அவ்வூர் காட்டிற்று. அந்த வாய்ப்பைக் கொடையாக எதிர்நோக்கியிராமல், நம் பிள்ளைகளுக்கு நாமே உரிமையாக ஆக்கித் தருவதே நம் கடமையாகும்.