வீழ்ந்தெழுந்து ஓடிய ராபின்சன் அம்மையார்

வென்றோரைப் போற்றுதல் உலகியற்கை. பந்தயத்தில் முன்வந்தாரைத் தோள்மீது தூக்கிக் கொண்டாடாத ஊரில்லை. ஆயின், வென்ற ஒருவர் தம் வெற்றிக்குக் காரணமாயிருந்த உடல் வலிமையையே ஒருநாள் இழந்துவிட, அதனைச் சிறுகச் சிறுகத் தேடிச் சேர்க்கும் நீண்ட காலத்தில் அவரை நினைந்து பார்ப்பார் மிகச் சிலரே. அக்காலத்திற்கு முரசமில்லை, மாலையில்லை, கைகொட்டி ஆர்ப்பாருமில்லை. ஒருவருடைய உள்ளத்தின் உறுதி உள்ளவாறு வெளிப்படுவது அப்பொழுதுதான் என்பது நம் கருத்து. இதனை விளக்குதற்பொருட்டு, ஒலிம்பிக் விளையாட்டுக்களில் ஓடிப் புகழ்பெற்ற அமெரிக்க மாதராகிய எலிசபெத் ராபின்சன் அம்மையாரின் வரலாற்றை நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், சிக்காகோ மாநகரை அடுத்த ரிவர்டேல் என்னும் ஊரில், 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ஆம் நாள் எலிசபெத் பிறந்தார். பெட்டி என்பது அவருக்கு வழங்கிய செல்லப் பெயர்; பிற்காலத்தில் பத்திரிகைகள் எழுதியதும் அப்பெயரையே. அண்டையூராகிய ஹார்வியில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். நாடோறும் புகைவண்டியேறிச் சென்று வருதல் அவர் வழக்கம்.

ஒருநாள், புறப்படும் நிலையிலிருந்த வண்டியைப் பிடித்தற்கு அவர் விரைந்து ஓடிவந்தார். வண்டியினுள் முன்னரே அமர்ந்திருந்தவர் அப்பள்ளியின் உயிர்நூல் ஆசிரியர் சார்லஸ் பிரைஸ் என்பவர். மாணவர்க்கு ஓட்டப் பயிற்சி அளித்தவரும் அவரே. இப்பெண் வண்டியைத் தவறவிடுவது உறுதியென்று அவர் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அப்பெண் வண்டியினுள் வந்து நின்றார். வியப்புற்ற ஆசிரியர், பின்னர்ப் பள்ளியின் நடைகூடத்திலேயே அவரை ஐம்பது கெஜ தூரம் ஓடச்செய்து காலத்தை அளந்து பார்த்தார். மகளிர்க்கும் ஓட்டப் பந்தயங்கள் உண்டென்பதையே எலிசபெத் அதன்பின்னர்தான் அறிந்தார்.

இது நிகழ்ந்தது 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் முதன்முறையாக ஒரு போட்டியில் ஓடி, அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த ஹெலன் பில்கி என்பாருக்கு அடுத்தபடியாக இரண்டாமிடம் பெற்றார். கோடை முடிவதற்குள் அவர் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நின்றார். மகளிர்க்கு ஒலிம்பிக்கில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றின் வாயில் திறக்கப்பட்டது அவ்வாண்டில்தான். அதுவும் ஐந்தே போட்டிகளுக்கு. அவற்றையும் வேண்டாமென்று எதிர்த்த பெரியோர் பலர். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் நிகழ்ந்த 100 மீட்டர் இறுதியோட்டத்தில், கனடா நாட்டின் பானி ரோசன்பெல்டு என்பாரை நூலிழையில் முந்தி, 12.2 விநாடியில் எலிசபெத் முதல்வராய் வந்தார். மகளிர் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற முதல் மாதர் அவரே. அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. அது அவர் கலந்துகொண்ட நான்காவது போட்டி! நால்வர் கூடி ஓடும் ரிலே பந்தயத்திலும் அவருடைய குழு வெள்ளிப் பதக்கம் பெற்றது. நாடு திரும்பியபொழுது நியூயார்க்கு நகரமும் சிக்காகோ நகரமும் ஊர்வலம் நடத்தி அவரை வரவேற்றன.

பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து உடற்பயிற்சிக் கல்வி பயின்றார். 1932-ஆம் ஆண்டில் தம் நாட்டிலேயே லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் நிகழவிருந்த ஒலிம்பிக்கில் மீண்டும் வெல்லவேண்டுமென்பது அவர் குறிக்கோள். அக்குறிக்கோளுக்கு ஓராண்டே எஞ்சியிருந்தது.

1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள், வெப்பம் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீந்துதல் ஓட்டத்திற்குரிய தசைகளுக்கு ஆகாதென்று பயிற்சியாளர் விலக்கியிருந்தமையால், வெப்பம் தணித்துக்கொள்ள வேறு வழி தேடிய எலிசபெத், தம் உறவினர் ஒருவர் ஓட்டிய சிறு விமானத்தில் ஏறினார். மேலெழுந்த சிறிது நேரத்தில் பொறி தளர்ந்து, விமானம் தலைகீழாய்ச் சதுப்பு நிலமொன்றில் வீழ்ந்தது. எலிசபெத்தின் காலெலும்பு முறிந்தது, கை நசுங்கியது, நெற்றியில் ஆழ்ந்த வெட்டு விழுந்தது. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. நம் வகுப்புக்களில் அமர்ந்திருப்போர் பலருக்கும் அதே வயதன்றோ!

விபத்தைக் கண்டோர் அவரை இறந்தாரென்றே கருதிப் பிணம் அடக்குவார் ஒருவரிடம் கொண்டுசென்றனரென்றும், அங்கேதான் உயிர் உண்மை தெரியவந்ததென்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தாரென்பதும் அக்கதையின் பகுதி. அண்மைக்காலத்தில் இதனை நுணுகி ஆராய்ந்தோர் இக்கதையை ஐயுறுகின்றனர். கதை மெய்யாயினும் ஆகுக, பொய்யாயினும் ஆகுக. அம்மையாரின் பெருமை அதனைச் சார்ந்ததன்று. சாவினின்று பிழைத்தல் ஒருவர் முயற்சியால் ஆவதன்று. பிழைத்தபின் ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்க முயல்வதோ முற்றிலும் அவர் செயலே. மக்கள் விரும்பிக் கேட்பது முன்னதை. நாம் கற்கவேண்டியது பின்னதை.

முறிந்த காலினுள் உலோகம் வைத்துப் பொருத்தி மருத்துவர்கள் கட்டிட்டனர். பென்சிலின் முதலிய மருந்துகள் நோயாளரின் கைக்கு எட்டாத காலம் அது. ஆழ்ந்த புண்ணில் சீழ்பிடித்தால் உயிருக்கே இடையூறு நேரும். உயிர் பிழைத்தார், கால் எஞ்சியது, ஆயின் இனி ஓடுதல் இயலாதென்று மருத்துவர்கள் கூறினர். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோல்களிலுமாகப் பல மாதங்கள் கழிந்தன. இயல்பாக நடத்தற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்றன.

இரண்டாண்டுகள் என்று ஒரு சொல்லில் கூறிவிடுகின்றோம். அதனுள் அடங்கிய உழைப்பு யாதெனச் சிறிது எண்ணிப் பார்ப்போம். முறிந்த எலும்பு ஒட்டுவது, பிளந்த பலகையைப் பசையிட்டு ஒட்டுவது போன்றதன்று. முறிவைச் சூழ்ந்து முதலில் மென்மையான திசு வளர்கின்றது. சில வாரங்களில் அது கடினமாகி முரட்டெலும்பாகின்றது. பின்னர்ப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூடச் சென்று, தாங்கும் சுமைக்கேற்பத் தன்னைச் செப்பஞ் செய்துகொள்கின்றது. சுமையே தாங்காத எலும்பு உரம் பெறாது. மிகுந்த சுமையை விரைந்து ஏற்ற எலும்போ மீண்டும் முறியும். தசையும் அத்தகையதே. கட்டினுள் அசைவற்றுக் கிடந்த தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். இழந்ததை மீட்பதற்கோ அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும். ஆகவே, காயமுற்றார் மீண்டும் ஓடக் கருதின், நிற்றல், நடத்தல், நெடுந்தூரம் நடத்தல், நடையினிடையே சிறிது ஓடுதல், ஓட்டத்தைச் சிறுகச் சிறுக மிகுத்தல் எனப் படிப்படியாகவே ஏறவேண்டும். ஒருபடி தாண்டின் இருபடி சறுக்கும்.

இவ்வேற்றத்தின் துன்பம் வலி மட்டுமன்று. 12.2 விநாடியில் நூறு மீட்டர் கடந்த ஒருவர், ஒரு கூடத்தின் குறுக்கே நடத்தற்குச் சுவரைப் பற்றவேண்டியிருப்பின், நேற்றைய தம்மோடு இன்றைய தம்மை ஒப்பிட்டு நாணாதிருத்தல் எளிதோ? 1932-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் தம் நாட்டில் நிகழ, அதில் ஓட இயலாதவராய் அவர் இருந்தார். அவர் வென்ற நூறு மீட்டர் ஓட்டத்தில், போலந்து நாட்டின் சார்பில் ஓடிய ஸ்டெல்லா வால்ஷ் என்பார் 11.9 விநாடியில் வென்றார். உலகம் காத்திருக்கவில்லை. அது காத்திருப்பதுமில்லை.

இரண்டாண்டின்பின் நடை வந்தது; நடையைத் தொடர்ந்து மெல்லோட்டம் வந்தது; மெல்லோட்டம் முதிர்ந்து விரைவும் ஒருவாறு மீண்டது. ஆயின் ஒன்று மட்டும் மீளவில்லை: முறிந்த காலின் முழங்கால் முற்றிலும் மடங்க மறுத்தது. நடப்பார்க்கு இஃது ஒரு சிறு குறை. குறுந்தூர ஓட்டம் ஓடுவார்க்கோ பெருந்தடை. என்னெனில், நூறு மீட்டர் ஓட்டத்தில் ஓடுவோர் நின்றபடியே புறப்படுவதில்லை. அக்காலத்தில் தரையில் சிறு குழி தோண்டிக் காலூன்றி, இரு கைகளையும் மண்ணிற் பதித்து, முழங்கால்களை மடக்கிக் குந்தி, துப்பாக்கி ஒலித்ததும் வில்லினின்று விடுபட்ட அம்புபோற் பாய்ந்தனர். குந்த இயலாதவர் முதலடியிலேயே பின்தங்குவர். ஆகவே, தாம் ஒலிம்பிக்கில் முதன்முதல் வென்ற அப்பந்தயத்தின் வாயில் ராபின்சன் அம்மையாருக்கு அடைபட்டது.

இந்நிலையில் மனம் ஒடிந்து விலகுவோர் உளர். விதியை நொந்துகொண்டு காலங் கழிப்போரும் உளர். அம்மையார் இவ்விரண்டும் செய்திலர். மடங்காத முழங்காலோடும் ஓடத்தக்க இடம் எது என்று ஆராய்ந்தார். நால்வர் கூடி ஓடும் ரிலே பந்தயத்தில் முதலில் ஓடுபவர் மட்டுமே குந்திப் புறப்படவேண்டும். ஏனை மூவரும் நின்றபடி எதிர்நோக்கி, கோலேந்தி வருவார் நெருங்கியதும் ஓடத்தொடங்கி, ஓட்டத்திலேயே கோலைப் பெறுவர். அங்கே அவருக்கு இடம் இருந்தது. 1936-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழுவில் தேர்வுபெற்றார். பெர்லின் நகருக்குச் செல்லும் செலவுக்குப் பொருள் போதாமையால், 1928-ஆம் ஆண்டின் நினைவுப் பொருள்கள் பலவற்றை அவர் விற்றார் என்பர். பழைய புகழின் சின்னங்களைக் கொடுத்துப் புதிய முயற்சிக்கு வழி தேடிக்கொண்டார்!

1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் இறுதியோட்டம் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய சுற்றில் ஜெர்மானிய மகளிர் 46.4 விநாடியில் ஓடி உலகச் சாதனை நாட்டியிருந்தனர். அமெரிக்கக் குழுவில் ஹாரியட் பிளாண்டு முதலாவதாகவும், ஆனட் ராஜர்ஸ் இரண்டாவதாகவும், ராபின்சன் அம்மையார் மூன்றாவதாகவும், அவ்வாண்டின் நூறு மீட்டர் வெற்றியாளரான ஹெலன் ஸ்டீபன்ஸ் இறுதியாகவும் ஓடினர். ராபின்சன் வளைவில் ஓடிக் கோலைப் பிழையின்றி ஸ்டீபன்ஸ் கையிற் சேர்த்தபொழுது ஜெர்மானியர் சில மீட்டர் முந்தியிருந்தனர். ஆயின், அவர்களுடைய கடைசிக் கைம்மாற்றில் இல்ஸ் டார்பெல்டு என்பாரின் கையினின்று கோல் நழுவித் தரையில் வீழ்ந்தது. அமெரிக்கர் 46.9 விநாடியில் முதல்வராயினர். பிரிட்டன் இரண்டாமிடமும் கனடா மூன்றாமிடமும் பெற்றன. விமானம் வீழ்ந்து ஐந்தாண்டு சென்றபின், ராபின்சன் அம்மையாருக்கு இரண்டாம் தங்கப் பதக்கத்தின் புகழ் கிட்டிற்று.

பிறர் கோலை நழுவவிட்டமையால் வந்த வெற்றியன்றோ என்பார் உளராயின், அதனை மறைத்தல் வேண்டா, உண்மை அதுவே. ஜெர்மானியர் அக்கோலைப் பற்றியிருப்பின் முடிவு வேறாயிருத்தலுங் கூடும். ஆனால், ரிலே பந்தயம் கால்களை மட்டும் சோதிப்பதன்று. அதில் முதல்வருக்கும் இறுதியானவருக்கும் கைம்மாற்று ஒவ்வொன்றே. இடையிலுள்ள இருவர்க்கும் பெறுதல் ஒன்று, கொடுத்தல் ஒன்று என இரண்டு. விபத்தில் நசுங்கிய கையுடையவர் அவ்விரண்டையும் வழுவின்றி முடித்தார் என்பதும் உண்மையே. பரிசு கிட்டாதிருப்பினும், அவ்வளைவில் அவர் ஓடிய நூறு மீட்டர் குறைந்திராது.

அதன்பின் அவர் பந்தயங்களினின்று விலகினார். 1939-ஆம் ஆண்டில் மணம்புரிந்து இல்லறம் நடத்தினார். போட்டிகளிற் காலம் அளப்பவராகவும், மகளிர் விளையாட்டுக்காகப் பேசுபவராகவும் தொண்டாற்றினார். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க ஓட்ட வீரர்களின் புகழ் மன்றம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் வென்ற தங்கப் பதக்கத்தை அவர் பல்லாண்டுகள் ஒரு மிட்டாய் டப்பியிலேயே வைத்திருந்தார் என அறிகின்றோம். 1996-ஆம் ஆண்டில் அட்லாண்டா ஒலிம்பிக்கின் தீவட்டி நாடெங்கும் கொண்டுசெல்லப்பட்டபொழுது, எண்பத்து நான்கு வயதில் தாமும் அதனை ஏந்திச் சென்றார். 1999-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் இயற்கை எய்தினார்.

அன்பர்களே! காயமுற்றார் தேறிவருங்கால், அவர் பழைய நிலையை எய்துவாரா என்றே நாம் கேட்கின்றோம். அக்கேள்வி பெரும்பாலும் பொருந்தாக் கேள்வி என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ராபின்சன் அம்மையார் பழைய நிலையை எய்தவில்லை. அவர் முழங்கால் மடங்கவில்லை; தனியோட்டத்தின் முடி மீண்டும் அவர் தலையில் ஏறவில்லை. எஞ்சியது இன்னதென்று மயக்கமின்றி அளந்தறிந்து, அதற்கேற்ற இடத்தைத் தேடி, அவ்விடத்தில் தம் பங்கை முழுமையாகச் செய்தார். முதல்வராய் நின்றவர் மூன்றாமவராய் நிற்க நாணவில்லை. நம்முள்ளும் நோயினாலோ, வறுமையினாலோ, தேர்வில் தவறியதனாலோ வழியிடை வீழ்ந்தோர் உளர். அவர்கள் இன்று நடக்கக்கூடிய அளவு ஒரு கூடத்தின் குறுக்களவே எனினும், அதனை இன்று நடப்பாராக. நாளை அதன்மேல் ஓரடி வைத்தல் எளிதாகும்.