ஒரு பவுண்டு கடனில் பிறந்த ஓட்டம்!

திருச்சி கே.கே. நகர்ல தினமும் காலையில ஓடுறவரா நீங்க? அப்படியே கும்பகோணம் வரைக்கும் ஓடச் சொன்னா? கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் தென்னாப்பிரிக்காவின் 'காம்ரேட்ஸ் மாரத்தான்'. பீட்டர்மாரிட்ஸ்பர்க் - டர்பன் இடையே, உம்கேனி ஆற்றின் 'ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கு' ஓரமாக வருஷா வருஷம் நடக்குது.

தொடங்கியவர் விக் கிளாப்ஹாம். 1886-ல் லண்டனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் ரயில் இன்ஜின் டிரைவரானவர். முதல் உலகப்போரில் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 2,700 கி.மீ நடந்தார். கூட நடந்த பலர் வீடு திரும்பவே இல்லை. அவங்க நினைவா, உடம்போட தாங்கும் சக்தியைச் சோதிக்கிற ஓட்டம் ஒண்ணு வேணும்னு கேட்டார்.

'காம்ரேட்ஸ்' என்ற முன்னாள் வீரர்கள் சங்கம் முதலில் மறுத்தது. விடாம கேட்டதும் 1921-ல் சம்மதித்து, செலவுக்கு ஒரு பவுண்டு கடன் கொடுத்தது. மே 24-ல் கிளம்பியது 34 பேர். முடித்தது 16 பேர். முதலில் வந்த பில் ராவனுக்கே 8 மணி 59 நிமிஷம் ஆச்சு!

ஆனா, பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும், டர்பன் தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களுக்கும் அதிகாரபூர்வமா இடமில்லை. அந்தக் கதவு 1975-ல்தான் திறந்தது. 1962-லேயே இறந்துபோன கிளாப்ஹாம் அதைப் பார்க்கல. இன்னிக்கு அதே ரோட்டில் பல்லாயிரம் பேர், எல்லா நிறத்திலும் ஓடுறாங்க.