தனிமை நாடிய அருட்கவி

தமிழ்கூறும் நல்லுலகிலே பாடிப் புகழ் பெற்றோர் பலர். புகழைக் கண்டு அஞ்சியபடியே பாடியோர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் வடலூர் இராமலிங்க அடிகளார்.

நாம் பயின்ற மிஷன் பள்ளியிலே இயற்கைக் கவி என்றால் வேட்ஸ்வர்த் ஒருவர்தான். மரணத்தைப் பாடிய கவி யார் என்று கேட்டால், அமெரிக்க நாட்டின் அம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் வீட்டை விட்டு வெளிவராமல் இருந்த எமிலி டிக்கின்சன் அம்மையாரைச் சொல்லுவோம். அவர் எழுதிப் பெட்டியில் வைத்திருந்த கவிதைகளின் அளவு, 1886இல் அவர் இறந்த பின்னரே உடன்பிறந்தாளுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் உலகின் மறுகோடியில், நம் மொழியிலேயே, தனிமையை நாடி இயற்கையையும் சத்தியத்தையும் மரணத்தையும் பாடிய ஒருவர் இருந்தார் என்பதை அப்பள்ளியில் நமக்கு எவரும் சொல்லவில்லை. குறை நம்முடையதே. வீட்டில் பெரியோரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகத் தோன்றினார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சென்னையிலே புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்த தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். பாடசாலைப் படிப்பு அவரிடம் ஒட்டவில்லை. கந்தகோட்டத்து முருகனும் திருவொற்றியூர்த் தியாகேசருமே அவருக்கு ஆசான்கள். இருபத்தேழாம் வயதில் சுற்றத்தார் வற்புறுத்தித் தமக்கையின் மகளை மணம் செய்துவைத்தனர். இல்லறத்தில் அவர் மனம் பற்றவில்லை. அந்த அம்மையாரின் மனத்தை எண்ணிப் பார்ப்பவர் சரித்திரம் எழுதுவோரில் அரியர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

1858இல் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் பக்கமாகச் சென்று, கருங்குழி என்னும் கிராமத்தில் ஓர் அன்பர் வீட்டில் தங்கினார். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் போர்த்து, தணிந்த குரலில் பேசிக் கூட்டத்தை விட்டு விலகி நிற்பது அவர் வழக்கம். பாடல்களை அச்சிட வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோதெல்லாம் தட்டிக் கழித்தார். இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் வந்து சேரும் வரை நாளுக்கு ஒரு வேளைதான் உண்பேன் என்று விரதம் பூண்டார். பிறர் பட்டினி கிடக்கப் பொறாத அடிகள் அதன் பின்னரே இசைந்தார். நூலில் தம் பெயரோடு சாமி என்ற பட்டத்தைச் சேர்க்க வேண்டாமென்றும் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்தளித்த திருவருட்பா 1867இல் வெளிவந்தது.

அவர் பாடிய இயற்கை மலையும் நிலவும் மட்டுமன்று. நீரின்றி வாடும் பயிரைக் கண்ட இடத்தில் தாமும் வாடியதாகச் சொன்னவர் அவர். அப்பயிர் அவருக்கு ஓர் உவமையன்று, உயிர். தம் இறைவனிடம் செய்துகொண்ட நீண்ட விண்ணப்பம் ஒன்றில், தாம் எதற்கெல்லாம் நடுங்கினார் என்பதை வரிசையாக எடுத்துரைக்கிறார். கொல்லப்படும் விலங்கைக் கண்டு நடுக்கம், வலையும் தூண்டிலும் கண்டு நடுக்கம், அயல் வீட்டில் இறந்தவருக்காக எழும் அழுகை கேட்டு நடுக்கம், பசித்தவர் முகம் கண்டு நடுக்கம். தத்துவம் பேசும் ஞானியை எதிர்பார்த்து இதனைப் படிப்பவர் திகைத்துப் போவர். இங்கே பேசுவது பயந்த ஒரு மனிதரின் குரல். நமக்கு அவர் நெருங்கியவராகத் தோன்றுவது இவ்விடத்தில்தான்.

பசியை அவர் மரணத்தின் தூதனாகக் கண்டார். ஆகவே மரணத்தோடு போர் தொடுக்க எண்ணியவர் முதலில் அடுப்பை மூட்டினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. புலால் உண்பாரைத் தம் அக இனத்தாராக அவர் கொள்ளவில்லை. ஆயினும் பசி என்று வந்தவரிடம் சாதியையோ சமயத்தையோ உணவையோ விசாரியாமல் சோறிட வேண்டும் என்று விதித்தார்.

அதே 1867இல்தான் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டே. தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து பசிக்கு அஞ்சிக் கடல் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் எந்தப் பசியிலிருந்து ஓடி வந்தார்களோ, அந்தப் பசியைத்தான் அவர் அங்கேயே இருந்து எதிர்த்தார்.

இனி, நம் சபையில் பேசக் கூசும் விஷயம் ஒன்று உண்டு. அடிகளாரின் பாடல்களை அருட்பா என்று அழைப்பதை வன்மையாகக் கண்டித்தவர் நம் ஈழத்து ஆறுமுக நாவலர் பெருமானே. திருமுறைகளுக்கு உரிய பெயரை இக்காலத்துப் பாடலுக்கு இடலாகாது என்பது நாவலரின் வாதம். 1869இல் மறுப்பு நூலும் வந்தது, மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. அங்கே நிகழ்ந்ததை இரு பக்கத்தாரும் இருவிதமாகச் சொல்லுவர். அதனுள் நாம் புகவில்லை. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அருட்பாவை மறுத்து நின்றபோது, அடிகளுக்காக வாதாட முன்வந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இஸ்லாமியப் புலவர். நாவலரும் சத்தியத்துக்காகவே போராடினார், அடிகளும் சத்தியத்தையே தேடினார். நாவலருக்குச் சத்தியம் சாத்திரத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. அடிகளுக்கோ அது இன்னும் கண்டு முடியாத ஒன்று. கடைசி ஆண்டுகளில் அவர் தம் முந்தைய பற்றுகளையே துணிந்து கைவிட்டதற்குக் காரணம் இதுவே. இவ்விருவரில் ஒருவரைத் தள்ளி மற்றவரைக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டிய 1877இல் நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் காண அடிகளார் அப்போது இல்லை.

1870இல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் குடிபுகுந்தார். 1872 தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே உருவம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒரு சோதி மட்டுமே. இறந்தாரைச் சுடலாகாது, புதைத்தல் வேண்டும், அவருக்காக அழுதல் வேண்டா என்று அன்பர்களுக்கு எழுதினார். மரணத்தை விதியென்று ஏற்று அடங்குவது அவருக்கு உடன்பாடன்று. சாவாமையே மனிதப் பிறப்பின் பயன் என்றார். அழுகுரல் கேட்டு நடுங்கிய அந்த இளைஞரே இப்படிப் பேசும் முதியவராக வளர்ந்தார் என்பதை மறந்தால், அவருடைய இறுதிப் பாடல்கள் நமக்கு வெறும் அற்புதக் கதைகளாகிவிடும். அப்பாடல்கள் ஆறாம் திருமுறையாக வெளிவந்தது 1885இல்தான்.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரவு, தம் அறையினுள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். திறக்க வேண்டாம் என்பது கட்டளை. அதன் பின் அவரைக் கண்டவர் இல்லை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட விவர நூலும், அவர் பின்னர்க் காணப்படவில்லை, அறை பூட்டியே உள்ளது என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆங்கிலத் துரைமாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை போலும்!

பள்ளியில் ஆண்டுதோறும் ஈஸ்டர் நாளில் வெறுமையாய்க் கிடந்த கல்லறையின் கதையைக் கேட்டோம். வீட்டிலே பாட்டி, வெறுமையாய்க் கிடந்த அறையின் கதையைச் சொல்லுவார். முதற் கதையை வினா எழுப்பாமல் கேட்ட நாம், பாட்டியிடம் மட்டும் உடல் எங்கே போயிற்று என்று குறுக்குக் கேள்வி கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வா, உலை கொதிக்கிறது என்றார்.

அதே 1874ஆம் ஆண்டின் இறுதியில் நாவலப்பிட்டிக்கு முதற் புகைவண்டி வந்து நின்றது.