தம் பாலத்தைக் காணாத பொறியாளர்

முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டியில் வாழும் எங்களுக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் இராமேசுவரம் சென்று வந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள், கப்பல் வருகையில் பாம்பன் பாலம் நடுவில் பிரிந்து, இரு கைகளைத் தூக்குவதுபோல் மேலெழுந்து வழிவிட்ட காட்சியைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தூக்குப்பாலத்தின் முறையைக் கண்டறிந்தவர் வில்லியம் ஷெர்சர். அவருடைய வரலாற்றைத் தோழியருக்குக் கூற விரும்புகிறோம்.

ஷெர்சர் 1858 ஆம் ஆண்டு அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் பெரு என்னும் ஊரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பொறியியல் பயின்று, தாயகம் திரும்பிப் பாலம் அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் சிகாகோ நகரின் ஆற்றில் கப்பல்கள் ஓயாது சென்று வந்தன. அங்கிருந்த பாலங்கள் பல, ஆற்றின் நடுவில் நிற்கும் தூணின்மேல் பக்கவாட்டில் சுழன்று வழிவிடுபவை. அத்தூண் கப்பல்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. பாலம் சுழல்வதற்கும் நிறைய இடம் வேண்டியிருந்தது. இத்தகைய இரண்டு பாலங்களுக்கு நடுவே, நான்கு இருப்புப்பாதைகளைத் தாங்கும் புதிய ரயில் பாலம் ஒன்று தேவைப்பட்டது. இன்னுமொரு சுழல் பாலத்திற்கு அங்கே இடமில்லை.

ஷெர்சர் ஆழ்ந்து சிந்தித்தார். பாலத்தை இரண்டு கைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கையின் அடிப்பகுதியையும் சக்கரத்தின் ஒரு துண்டுபோல் வளைவாக அமைத்து, பின்புறம் எடைக்கு எடை பாரம் வைத்தார். குழந்தைகள் ஆடும் மரக்குதிரை பின்னோக்கிச் சாய்வதைப் போல, அந்தக் கை கரைப்பக்கம் உருண்டு மேலெழும். எடை சமமாக இருப்பதால் சிறிய விசையே போதும். ஆற்றின் நடுவில் தூணும் வேண்டாம்.

ஆனால் அந்தோ! பாலம் எழும்புமுன்னரே, 1893 ஜூலையில், தமது 35 ஆம் வயதில் ஷெர்சர் காலமானார். அவருடைய காப்புரிமை கூட அவ்வாண்டு டிசம்பரில்தான் வழங்கப்பட்டது. சிகாகோவின் பாலங்கள் 1895 இல் திறக்கப்பட்டன. அவருடைய சகோதரர் ஆல்பர்ட் அப்பணியைத் தொடர்ந்து நடத்த, அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

அவ்வாறே 1914 பிப்ரவரி 24 இல் நம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். கப்பல் வரும்போது தொழிலாளர்கள் இருபுறமும் நின்று, கையாலேயே இயந்திரத்தைச் சுழற்றித் தூக்குப்பாலத்தைத் திறந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அது சீராக்கப்பட்டது. 2022 டிசம்பர் வரை ரயில்கள் அதன்மீது ஓடின. 2025 ஏப்ரலில், நேராக மேலெழும் தூக்குப்பாலத்துடன் புதிய பாலம் திறக்கப்பட்டது.

நம் பள்ளத்தாக்கில் பென்னிகுக்கின் பெயரை அறியாத வீடு இல்லை. அவர் தம் அணை 1895 இல் முடிந்ததைக் கண்ணாரக் கண்டார். ஷெர்சருக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆயினும் 108 ஆண்டுகள் நம் மக்கள் அவர் கண்ட வழியில் கடலைக் கடந்தனர். பலனைக் காண நாம் இருப்போமா என்று எண்ணாமல், எடுத்த வேலையைச் செவ்வனே செய்ய அவரிடம் கற்போமாக!